சேமிப்பு நோட்டில் தண்ணிக்கும் ஒரு பக்கம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் சிந்தாதிரிப்பேட்டை உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து, அங்கேயே வாக்கப்பட்டவள். 1734-ல் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர். சின்னத் தறிப்பேட்டை என்ற பேர்தான் இப்படி ஆச்சுன்னு சொல்லுவாங்க. மூணு பக்கமும் கூவம். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கூவத்தைத்தான் திட்டுவோம்.

என் சின்ன மகளுக்கு டெங்கு வந்தபோதும் அப்படித்தான் திட்டினேன். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிறகு கொசுப்புழு பார்க்க வந்த பெண், எங்க வீட்டு நீல டிரம்மில் டார்ச் அடித்துக் காட்டினாள். பிடித்து வைத்த நல்ல தண்ணி. அதில் புழு நெளிந்தது. "டெங்கு கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை போடும்க்கா" என்றாள். எனக்கு உடம்பே கூசிப் போச்சு.

கூவத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கழிவுநீரில் வளரும் கொசு வேற, அது யானைக்கால் நோயைப் பரப்பும். எந்தத் தண்ணியில் எந்த ஆபத்துன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம் கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்துக்குப் போயின. என் அக்கா குடும்பமும் போச்சு. ஆத்தங்கரையை விட்டால் வெள்ளமும் விட்டுடும்னு நினைச்சோம். ஆனால் அந்தப் பக்கம்தான் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் அங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்குப் போகணும். 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த சதுப்பு, குப்பைமேட்டாலும் கட்டடங்களாலும் சுருங்கிப் போச்சு. 2022-ல் 1,247 ஹெக்டேரை ராம்சர் பட்டியலில் சேர்த்திருக்காங்க. சதுப்பு நிலம் பஞ்சு மாதிரி. பஞ்சை வெட்டிட்டால் தண்ணி வீட்டுக்குள்ளதான் வரும்.

அக்கா பித்தவெடிப்புக் காலோட அந்தத் தண்ணியில் நடந்தாள். ஒரு வாரம் கழிச்சு காய்ச்சல், கெண்டைக்கால் வலி. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்தினாள். கண் மஞ்சளான பிறகுதான் டாக்டரிடம் போனாள். "வெள்ளத் தண்ணியில நடந்தீங்களாம்மா?" என்று அவர் கேட்டார். எலிக்காய்ச்சல். தப்பிப் பிழைச்சாள். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்கும் முன்னாடியே தண்ணியில் நடந்ததைச் சொல்லிடுங்க.

நம்ம தெருவுக்கு ஆராய்ச்சி, சர்வே என்று படிவத்தோட வர்றாங்க. "எத்தனை நாள் தண்ணி நின்னுச்சு?" என்று கேட்டால், "ரொம்ப நாள்" என்கிறோம். 'ரொம்ப நாளை' எந்தக் கட்டத்தில் எழுதுவாங்க? உள்கடனில் பத்து ரூபாய் குறைந்தால் நாம விடுவோமா?

அதனால் எங்க குழுவில் சேமிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் தண்ணிக்கு ஒதுக்கினோம். தேதி, தெரு, எங்கே தண்ணி நின்னது, எத்தனை நாள், எத்தனை வீட்டில் காய்ச்சல். போன மழைக்குப் பிறகு அதை நகல் எடுத்து வார்டு அலுவலகத்தில் கொடுத்தோம். ஒரு தெருவில் அடைப்பு எடுத்தாங்க. இன்னொரு தெரு பாக்கி. மறுபடியும் நோட்டோட போவோம்.

இன்னொண்ணு. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க 7 முதல் 10 நாள் ஆகும். நம்ம கூட்டமோ வாரா வாரம். கூட்டத்துக்குக் கிளம்பும் நாளில் டிரம்மைக் கவிழ்த்து, உள்பக்கம் நாரால் தேய்த்துக் கழுவுங்க. முட்டை பக்கச் சுவரில்தான் ஒட்டியிருக்கும். தண்ணி பிடித்ததும் மூடி வையுங்க.

என் மகள் இப்போ பள்ளிக்கூடம் போகிறாள். டிரம் கழுவுகிற வேலை அவளோடது.