பொன்னாடை வேண்டாம், துண்டு போதும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அழகாகவும் உடுத்தணும், பூமிக்கும் கெடுதல் வரக் கூடாது. அதைப் பத்திப் பசங்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் செயலாளர். என்னைப் பார்த்து இந்தத் தலைப்பைக் கொடுக்க அவருக்கு எப்படி மனசு வந்ததோ! இந்தக் கல்லூரியில் நான் படித்தபோது என்னிடம் இருந்ததே மூன்று சட்டைதான். ஆனால் ஒன்று, நான் வீரவநல்லூர்க்காரன். எங்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம், எங்கள் வீட்டுத் தொழில் தறி. துணியைப் பற்றிப் பேச அந்த அளவுக்கு எனக்கு உரிமை உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

1971 ஜூன் மாதம். வீரவநல்லூரில் மீட்டர்கேஜ் ரயிலேறி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் தாண்டி, ஆழ்வார்குறிச்சியில் இறங்கி நடந்து வருவேன். முதல் வாரமே ஒரு நண்பன் என் சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னல, ஒங்கப்பா நெஞ்ச துணியா?" என்று கேட்டான். கேலிதான், பெரிய குற்றமில்லை. (அவர் இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார்.) எனக்கு ஆனால் மானம் போயிற்று. எங்கே பார்த்தாலும் டெர்லின் சட்டை பளபளக்கிற காலம் அது. வீட்டில் அடம்பிடித்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு புடவையின் கூலி முழுக்க அந்த டெர்லினுக்குப் போயிற்று.

சட்டை நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. துவைத்துக் கொடியில் போட்டால் அரை மணியில் காய்ந்துவிடும், இஸ்திரியும் வேண்டாம். ஆனால் சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ரயில் பெட்டியில் நின்றால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், மூச்சு முட்டும். ஸ்டைலுக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

அதே சமயம் வீட்டில் அப்பாவின் பருத்தி வேட்டி என்ன ஆகும் தெரியுமா? நைந்தால் பாதியாகக் கிழித்துத் துண்டு. துண்டும் நைந்தால் பிள்ளைத்துணி. பச்சைப்பிள்ளை உடம்புக்குப் பழைய வேட்டி மாதிரி சுகம் வேறு கிடையாது. அதற்குப் பிறகு அடுப்பங்கரையில் கரித்துணி. மிஞ்சிய கிழிசலைத் தொடையில் வைத்துத் திரித்து அம்மா விளக்குத் திரியாக்கி விடுவாள். கடைசி நூல் வரைக்கும் வேலை பார்த்துவிட்டுத்தான் அந்தத் துணி சாம்பலாகும். இதற்கு இப்போது பெரிய பெரிய பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். எங்கள் அம்மாவுக்கு அது வெறும் வீட்டுவேலை.

அம்மா போன பிறகு பரணைச் சுத்தம் செய்தோம். பருப்பு கட்டி வைத்த ஒரு மூட்டை. பிரித்தால் என் டெர்லின் சட்டை! சாயம் போயிருந்தது, துணி அப்படியே இருந்தது. பாலியஸ்டர் என்பது பெட்ரோலியத்தில் இருந்து வருகிற பிளாஸ்டிக் இழைதான். மக்காது. துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பொடி இழைகளைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கும். நம் ஊரில் அந்தத் தண்ணீர் போய்ச் சேருகிற இடம் கடனா நதி, அங்கிருந்து தாமிரபரணி.

அதற்காகப் பருத்தி என்றாலே புண்ணியம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு, விளைச்சலில் தொடங்கி, சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகும் என்று கணக்குச் சொல்கிறார்கள். வங்கி வேலையில் சில காலம் நான் திருப்பூரில் இருந்தேன். நொய்யல் ஒருநாள் ஒரு நிறமாக ஓடியதைப் பார்த்தவன். விவசாயத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியாகப் போயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் பலருக்கு விஷயத்தின் கனம் புரிந்தது. பங்களாதேஷில் 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்ட தையல் தொழிலாளர்கள் இறந்தார்கள். மலிவுச் சட்டையின் மீதிப் பணத்தை இப்படி யாரோ எங்கேயோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, அழகு விஷயத்துக்கு வருவோம். பிள்ளைகள் கொட்டாவி விட ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்குப் பாடம் எடுத்த ஒரு பேராசிரியர் (பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார்) நான்கே நான்கு சட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுத்தான் மூன்று வருஷமும் வந்தார். ஆனால் அவரைவிட அழகாக உடுத்தியவர் இந்த வளாகத்தில் கிடையாது. காரணம், சட்டை அவர் தோளுக்குச் சரியாக உட்கார்ந்திருக்கும். அளவெடுத்துத் தைத்தது, கஞ்சி போட்டுத் தேய்த்தது. நீங்கள் ஃபோனில் ஆர்டர் பண்ணுகிற சட்டை யாரோ ஒருவரின் அளவு. தோள்பட்டை கையில் தொங்கும். ஒரு நல்ல தையல்காரரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். "உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைங்க அண்ணாச்சி" என்று சொல்லுங்கள். உடம்பு பெருத்தால் பிரித்துவிடலாம். எங்கள் தங்கைகளின் பாவாடையில் எத்தனை டக் இருக்கும்! வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் பாவாடையும் அவர்களோடு சேர்ந்து வளரும்.

விலையையும் இப்படிக் கணக்குப் பாருங்கள். 300 ரூபாய்ச் சட்டையை ஐந்து தடவை போட்டு ஒதுக்கினால் ஒரு தடவைக்கு 60 ரூபாய். 1,200 ரூபாய்ச் சட்டையை 120 தடவை போட்டால் ஒரு தடவைக்குப் பத்தே ரூபாய். நான் வங்கிக்காரன், என் கணக்கை நம்பலாம்.

வேட்டி கட்டினால் மரியாதை இல்லை என்கிற பயமும் வேண்டாம். 2014இல் சென்னையில் ஒரு கிளப்பில், வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. அதே வருஷம் நம் சட்டமன்றம் அதற்கென்றே ஒரு சட்டம் போட்டு வேட்டிக்கு வழி திறந்துவிட்டது. தைரியமாகக் கட்டுங்கள், பெல்ட்டை மட்டும் இறுக்கிப் போடுங்கள்!

தங்கைகளுக்கு ஒரு செய்தி. எங்கள் வீரவநல்லூர் செடிபுட்டா சேலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செடியும் பூவுமாகக் கையாலேயே புட்டா எடுக்கிற சேலை. அதில் பருத்தியோடு ஆர்ட் சில்க்கும் கலந்திருக்கும், முழுப் பருத்தி என்று சொல்லி விற்க மாட்டேன். ஆனால் ஓடுவது கைத்தறி, கரண்ட் தேவையில்லை. கட்டினால் "எங்கே எடுத்தது?" என்று நாலு பேர் கேட்பார்கள். 20 கிலோமீட்டர் தூரத்தில் நெய்கிற சேலையை இங்கே எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள்... பாருங்கள், ஏழெட்டுப் பேர்.

குற்றம் உங்கள் மேல் மட்டும் இல்லை. எனக்கு வேலை கிடைத்த சில வருஷத்தில் நானே அப்பாவிடம், "எதுக்குப்பா இனிமே? குழிய மூடிருவோம்" என்றேன். அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே மண்வெட்டி எடுத்துத் தறிக்குழியை மூடினார். அந்த இடத்தில் நான் சம்பாதித்து வாங்கிய பீரோவை வைத்தோம். 2019-20இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பில், நாட்டில் மூன்றில் இரண்டு நெசவுக் குடும்பங்களுக்கு மாதம் 5,000 ரூபாய்கூட வரவில்லை என்று படித்தபோது, நான் சொன்னது சரிதானே என்று மூளை சொன்னது. மனசு ஒத்துக்கொள்ளவில்லை. வாங்க ஆள் இல்லாததால்தானே அந்தக் கூலி? வாங்காதவர்களில் முதல் ஆள் நான்.

அந்த பீரோவில் இப்போது என்ன இருக்கிறது தெரியுமா? பொன்னாடை! ஓய்வு பெற்ற நாளில் இருந்து போகிற மேடையெல்லாம் போர்த்தியது. போன மாதம் எண்ணினேன், 43. எல்லாம் பாலியஸ்டரும் ஜிகினாவும். உடுத்த முடியாது, துடைக்க முடியாது, திரி திரிக்க முடியாது, பிள்ளைக்குப் போர்த்தினால் குத்தும். இன்று தலைவர் அன்போடு போர்த்தியது 44ஆவது.

ஆகவே சங்கத்துக்கு என் விண்ணப்பம். அடுத்த சந்திப்பில் இருந்து பொன்னாடைக்குப் பதில் ஆளுக்கொரு கைத்தறிப் பருத்தித் துண்டு. நேற்றே வீரவநல்லூர் போய் மூன்று தினுசில் மாதிரி வாங்கி வந்திருக்கிறேன், விலைச்சீட்டு பொருளாளர் கையில் இருக்கிறது. 50 துண்டுக்கு இரண்டு மாதம் முன்னாலேயே சொல்ல வேண்டும், கைவேலை இல்லையா! முதல் வருஷச் செலவு என்னுடையது.

சாப்பாட்டுப் பந்தியில் இலை போட்டுவிட்டார்கள் என்று கை காட்டுகிறார்கள். மாதிரித் துண்டுகள் அங்கே மேசையில் இருக்கும், கை கழுவிவிட்டு வந்து தொட்டுப் பாருங்கள்.