மனநோயும் துப்பாக்கி உரிமையும்



துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டுவது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். சித்த சுவாதீனமற்றவர்க்கு அதனை மறுக்குமாறும் அது பணிக்கின்றது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, மனநோய் ஒன்றினாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனமற்றவரெனக் கொள்ளலாகாது, அதனை நீதிமன்றமே அறிவித்தல் வேண்டும் என்கின்றது. இது நன்றே. சிகிச்சை பெற்றால் உரிமை போய்விடுமெனில், எவரும் நோயை மறைக்கவே முற்படுவர்.

ஆயினும் சட்டம் எங்கும் காவல் நில்லாது. மைசூருக்கு அண்டையிலுள்ள குடகில் கொடவர்க்கும் ஜம்மா நிலமுடையோர்க்கும் உரிமம் பெறுவதினின்று விலக்குண்டு. உரிமம் கேட்கும் அதிகாரி இல்லாத இல்லத்தில் உற்றாரே காவலர். மனம் கலங்கிய காலத்தில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது தண்டனையன்று; அன்பே. நலம் பெற்றவரை நோயின் பெயரால் ஒதுக்காதிருப்பதும் அவ்வன்பே. இவ்விரண்டையும் நம் இல்லங்களில் போற்றுவோமாக.