இடமா? கையா?

நடுவர் அவர்களே! சாப்பாட்டுக்கு ருசி தருவது இடம்தான்னு எதிரணி நண்பர் பாரிஸ் வரைக்கும் போயிட்டார். ஒத்துக்கிறேன் ஐயா. கார் த லியோன் ரயில் நிலையத்துக்குள்ளே 1901-ல் திறந்த உணவகம். 1963 முதல் 'நீல ரயில்'னு பேர். தங்கப் பூச்சு, 41 ஓவியங்கள்! அதில் என்ன வரைஞ்சிருக்கான்? ரயில் போய்ச் சேருகிற ஊர்களை! அங்கேயும் சாப்பிடுறவன் நினைப்பு ஊர் மேலேதான்! (சிரிப்பு)

ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த புதுசு. தருமபுரியிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, ஸ்டேஷன் சிமெண்டு பெஞ்சில் அம்மா கட்டிக் கொடுத்த புளிசோற்றைப் பிரிச்சேன். மேலே ஓவியம் இல்லை, ஒரு டியூப்லைட்தான். முதல் வாயிலேயே எங்க ஊர் தெரிஞ்சுது, கண் கலங்கிடுச்சு.

இன்னைக்கு அம்மா இல்லை. எந்த மாளிகையில் போட்டாலும் அந்த ருசி வரலையே ஐயா! ருசி இடத்தில் இல்லை. கட்டிக் கொடுத்த கையில்தான் இருக்கு! (கைதட்டல்)