கடுக்காய் இடித்த நாட்கள்



திருக்காளத்தி என்றதும் நமக்குக் கண்ணப்ப நாயனார் நினைவு வரும். அதே காளத்தியில், சுவர்ணமுகி ஆற்றங்கரை ஊரில், துணியின் மேல் ராமாயணமும் பாரதமும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கலைக்குக் கலம்காரி என்று பெயர். கலம் என்பது எழுதுகோலைக் குறிக்கும் பாரசீகச் சொல். உள்ளூர்த் தெலுங்கில் வ்ராதபணி என்கிறார்கள். எழுத்து வேலை என்று பொருள். தமிழிலும் சித்திரம் எழுதுதல் என்றுதானே சொல்லி வந்தோம்?

ஓரளவு படம் போடத் தெரியும் என்ற தைரியத்தில்தான் அங்கே கற்றுக்கொள்ளப் போனேன். முதல் நாள், எனக்குக் கற்றுத்தர இசைந்த பெரியவர் என் கையில் எழுதுகோலைக் கொடுக்கவில்லை. உலக்கையைக் கொடுத்து, கடுக்காய் இடிக்கச் சொன்னார்.

இடித்த தூளைத் தண்ணீரில் கரைத்து, எருமைப் பால் சேர்த்து, கஞ்சி போக வெளுத்த பருத்தித் துணியை அதில் முக்கிப் பிழிந்து வெயிலில் உலர்த்த வேண்டும். பால் எதற்கு என்று கேட்டேன். பாலில் உள்ள கொழுப்பு துணியில் ஏறாவிட்டால், மை இழையோடு இழையாக ஊறிப் பரவிவிடுமாம். எருமைப் பாலில் கொழுப்பு அதிகம். "துணி சரியா காயலேன்னா கோடு உங்க பேச்சைக் கேக்காதம்மா" என்றார். மறுநாள் அவசரப்பட்டு ஈரம் முழுவதும் போகாத ஓரத்தில் ஒரு கோடு இழுத்தேன். அது கம்பளிப்பூச்சி மாதிரி மயிர் விட்டுக்கொண்டு நின்றது.

கலம் என்பது ஒரு மூங்கில் குச்சி, அவ்வளவுதான். நுனியைக் கூராகச் சீவி, அதற்குச் சற்று மேலே கம்பளித் துணியை உருண்டையாகச் சுற்றி நூலால் கட்டியிருப்பார்கள். மையைக் குடித்து வைத்துக்கொள்வது அந்த உருண்டைதான். விரலால் மெல்ல அமுக்கினால் மை நுனிக்கு இறங்கும். கொஞ்சம் கூடுதலாக அமுக்கினாலும் சொட்டிவிடும். துணியில் சொட்டிய மையை அழிக்க வழியில்லை.

கறுப்பு மைக்குக் கசிமி என்று பெயர். துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் பானைத் தண்ணீரில் போட்டு, இரண்டு மூன்று வாரம் புளிக்கவிட்டு எடுப்பது. பார்த்தால் கலங்கிய பழுப்புத் தண்ணீர் போல இருக்கும். வெறும் துணியில் தொட்டால் மங்கலான கறைதான் விழும். கடுக்காய் ஏறிய துணியில் தொட்டால், கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து, கோடு கண்ணெதிரே கறுக்கும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இடித்த கடுக்காய் எங்கே போனது என்பது அப்போதுதான் விளங்கியது.

சிவப்பு இன்னும் வியப்பானது. சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகாரத் தண்ணீரைத் தடவி, ஓரிரு நாள் விட்டு, ஓடும் தண்ணீரில் அலசி, மஞ்சிட்டி போன்ற சாயச்சரக்கோடு துணியைக் கொதிக்க வைக்கிறார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சாயம் பிடித்துக்கொள்ளும். நீலத்துக்கு அவுரி. நீலத்தின் மேல் மஞ்சள் ஏறினால் பச்சை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அலசல், ஓர் உலர்த்தல். தண்ணீரும் வெயிலும் ஒத்துழைக்காத நாளில் வேலை நடக்காது.

இந்தக் கலை அநேகமாக அற்றுப்போகும் நிலைக்கு வந்திருந்தது. கைவினைகளுக்காக உழைத்த கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் 1957-இல் காளத்தியில் ஒரு பயிற்சி மையம் தொடங்கினார்கள். அங்கே கற்றுக்கொடுத்தவர் ஜொன்னலகட்ட லட்சுமய்யா. அவருடைய மகன் குரப்ப செட்டிக்கு 2008-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு சில வீடுகளுக்குள் இருந்த வித்தையை மற்றப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டதனால்தான் இன்று நாம் அதைப் பற்றிப் பேச முடிகிறது. ஒரு மனிதர் உட்கார்ந்து கற்றுத்தந்ததற்கு அத்தனை பலன்.

இப்போது நகரங்களில் இரண்டு மணி நேரக் கலம்காரி வகுப்புகள் நடக்கின்றன. கடைத் துணியில் அக்ரிலிக் வண்ணம் பூசிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆர்வத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே கற்பது மயிலின் வடிவத்தையும் கொடியின் வளைவையும் மட்டும்தான். துணி வாங்கும்போதும் கவனம் வேண்டும். மசூலிப்பட்டினத்தில் மரக்கட்டை அச்சால் செய்வதும் கலம்காரிதான். அது தனி மரபு, மதிப்புள்ள மரபு. இயந்திரத்தில் அச்சடித்த துணியை அதே பெயரில் விற்பதுதான் கைவினைஞரின் வயிற்றில் அடிப்பது.

காளத்திக்குப் போக முடியாதவர்களுக்குத் தஞ்சைப் பக்கமே வழி இருக்கிறது. கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை மரபில் கோயிலுக்கான, குழல் போலத் தொங்கும் தொம்பைகளையும் விதானத் துணிகளையும் கலத்தால் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கே போனாலும், ஒரு துணி பாலில் முங்குவது முதல் கடைசி அலசல் வரை கூடவே இருங்கள். கைக்குட்டை அளவுத் துணியானாலும் போதும்.

இன்னொன்று. கைவினைஞர் உங்களுக்குக் கற்றுத்தரும் நாளில் அவருடைய சொந்தத் துணி எழுதாமல் கிடக்கும். அந்த நாளின் கூலியை, பேரம் பேசாமல், கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.