பொன் என்னும் ஒரு சொல்



பிற மாநிலங்களில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் தங்கத்தை அவ்வூர் வழக்கில் 'சோனா' என்றோ, 'கோல்டு' என்றோ சொல்லப் பழகிவிடுகின்றனர். 'பொன்' என்ற சொல் அவர்களுக்குப் பாட்டில் மட்டும் வரும் சொல்லாகி வருகிறது. அச்சொல்லை இழந்தால் இழப்பது ஒரு பொருளையன்று, பல பொருள்களை.

பழைய வழக்கில் பொன் என்பது உலோகங்களுக்கெல்லாம் பொதுப்பெயராகவும் நின்றது. பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம் ஆகிய ஐந்தையும் சேர்த்து ஐம்பொன் என்கிறோம். இரும்பு கரும்பொன் எனவும், வெள்ளி வெண்பொன் எனவும் பெயர் பெற்றன. அவற்றுள் சிறந்த தங்கத்திற்கே அப்பெயர் பின்னர் நிலைத்தது.

தங்கத்தால் செய்த காசும் பொன் எனப்பட்டது. யவனர் கலங்கள் பொன்னொடு முசிறிக்கு வந்து மிளகொடு மீண்டதை அகநானூறு கூறுகிறது. அப்பொன் காசாகவும் வந்தது என்பதற்குக் கேரளத்திலும் தமிழகத்திலும் மண்ணிலிருந்து கிடைத்த ரோமானியப் பொற்காசுகள் சான்று.

வானத்து வியாழனுக்கும் பொன் என்று பெயர். 'பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது' என்னும் பழமொழியைப் புதன்கிழமையின் சிறப்பாகவே பலர் கொள்வர். கோள்களைக் குறித்ததாகக் கொள்வாரும் உளர். புதன் கதிரவனை விட்டு ஏறத்தாழ 28 பாகைக்கு மேல் விலகாது; ஆதலின் அந்தியிலும் விடியலிலும் சிறிது பொழுதே தென்படும். வியாழனோ பல மாதங்கள் இரவில் எளிதாகத் தெரியும்.

இனி, நீங்கள் வாழும் ஊர்களுக்கு வருவோம். பெங்களூரில் 'ஹொன்னு' என்று கேட்டால் அதை அயற்சொல் என்று எண்ணவேண்டா. பழங்கன்னடத்தில் அதுவும் 'பொன்' என்றே இருந்தது. நம் பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு ஆனதுபோலப் பொன்னும் ஹொன்னு ஆயிற்று. தங்கத்தோடு பொற்காசையும் அது குறித்தது. மலையாளத்துத் தாய் தன் மகளைப் 'பொன்னு மோளே' என்று அழைப்பதும் இச்சொல்லாலேதான்.

ஆகவே, அண்டை வீட்டு மொழியைக் கற்கும் பிள்ளையை, தமிழை விட்டு விலகுகிறான் என்று கடிந்துகொள்ளாதீர்கள். இரண்டு சொற்களையும் அருகருகே வைத்து உறவைக் காட்டுங்கள். பொன் வைக்கும் இடத்தில் பூ வைப்பது நம் மரபு. பிள்ளைகளுக்குப் பொன் சேர்த்துவைக்க இயலாதவரும் 'பொன்' என்ற சொல்லைச் சேர்த்துவைக்கலாம்.