கசிவு என்னும் சொல்லும் மின்கோபுரத்துக் காப்பானும்



கலைச்சொல் ஒரு பொருளைச் சுட்டினால் மட்டும் போதாது; அப்பொருள் இயங்கும் முறையைக் கற்பவர் பிறழ உணராதவாறும் காத்தல் வேண்டும். 'கசிவு மின்னோட்டம்' என்னும் கூட்டுச்சொல்லைக் கொண்டு இதனை இன்று ஆராய்வோம்.

உயரழுத்த மின்கம்பிகளைக் கோபுரங்களில் நேரே கட்டுவதில்லை. பீங்கான், கண்ணாடி, சிலிக்கோன் ரப்பர் ஆகியவற்றுள் ஒன்றால் ஆன மின்காப்பான்களே அவற்றைத் தாங்குகின்றன. இத்தகைய பொருள்களைத்தான் நம் பள்ளிகளில் 'அரிதில் கடத்தி' என்று கற்பிக்கிறோம்.

கசிவு என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது யாது? மழைநாளில் சுவரினூடே ஊறி வெளிப்படும் நீர். மண்பானையின் புறத்தே அரும்பும் ஈரம். இரண்டிலும் நீர் பொருளின் உடலைக் கடந்தே வருகிறது. ஆகவே, மின்சாரமும் பீங்கானுக்குள் ஊறிச் செல்வதாக மாணவர் எண்ணுதல் இயல்பே. மாசு மிகுந்த இடங்களில் நிகழ்வதோ வேறு.

கடற்காற்று கொணரும் உப்பும் ஆலைகள் உமிழும் தூசும் காப்பானின் மேற்பரப்பில் படிகின்றன. உலர்ந்திருக்கும்வரை அப்படிவால் பெருந்தீங்கு இல்லை. இரவுப்பனியோ மூடுபனியோ தூறலோ நனைத்தால் உப்புக் கரைந்து, மின்சாரத்தைக் கடத்தும் மெல்லிய படலமாகிறது. அப்படலத்தின் வழியே, காப்பானின் புறத்தேதான், மின்னோட்டம் செல்கிறது. பெருமழை மாசைக் கழுவிவிடுவதால் பெரும்பாலும் நன்மையே செய்கிறது.

அம்மின்னோட்டத்தின் வெப்பத்தால் படலத்தின் சில பகுதிகள் உலர்ந்து பட்டைகளாகின்றன. மின்னழுத்தம் அவ்வுலர்பட்டைகளின்மீது குவிய, அவற்றைத் தாண்டிச் சிறு மின்விற்கள் தோன்றுகின்றன. அவை நீண்டு காப்பானின் இரு முனைகளையும் இணைத்துவிட்டால் மின்வழங்கல் தடைபடும். இதனை 'மேற்பரப்பு மின்தாவல்' எனலாம். காப்பானின் உடலே துளைபட்டுப் பழுதாவதோ 'துளைமுறிவு'. முன்னதில் காப்பான் பலமுறை தப்பிவிடும். பின்னதில் அதனை மாற்றியே தீரவேண்டும். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், நாளைய பொறியாளராகும் நம் மாணவர் எதனைக் கழுவுவது, எதனை மாற்றுவது என்று அறியாது தடுமாறுவார்.

பொறியியலார் வழங்கும் வேறொரு கருத்து இங்குத் துணைசெய்கிறது. காப்பானின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எறும்பு ஒன்று மேற்பரப்பை விட்டு விலகாது ஊர்ந்தால் கடக்கும் தொலைவை 'ஊர்வு நீளம்' எனலாம். மாசு மிகுந்த இடத்திற்கு மிகுதியான ஊர்வு நீளம் வேண்டும். காப்பானுக்குக் குடைபோன்ற மடிப்புகள் அமைவது இதற்காகவே. 'ஊர்தல்' என்னும் சொல்லே மின்னோட்டத்தின் உண்மையான வழியைக் காட்டிவிடுகிறது.

இனி, 'அளத்தல்', 'கண்காணித்தல்' என்னும் சொற்களை நோக்குவோம். நண்பகலில் உலர்ந்த காப்பானை ஒருமுறை அளந்தால் அச்சமின்றித் தோன்றும். அன்று விடியற்காலையிலேயே அது ஆபத்தின் விளிம்பில் இருந்திருக்கலாம். ஆதலின், காப்பானின் நிலமுனையில் கருவி பொருத்தி, கசிவு மின்னோட்டத்தை மில்லிஆம்பியர் அளவில் இடைவிடாது பதிவுசெய்கின்றனர். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகருக்கு அருகில், கூபெர்க் கடற்கரையில் உள்ள ஆய்வு நிலையத்தில், உப்புக்காற்றின் நடுவே பலவகைக் காப்பான்கள் இவ்வாறு சோதிக்கப்பட்டுள்ளன. மின்னோட்டத் துடிப்புகள் பெருகி உயருமாயின் மின்தாவல் நெருங்குகிறது என்று பொருள். காப்பானைக் கழுவும் காலம் வந்துவிட்டது. ஒருமுறை காண்பது அளத்தல். மாற்றத்தைத் தொடர்ந்து காண்பது கண்காணித்தல்.

'கசிவு' என்னும் சொல்லை விலக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. அது வழக்கில் நிலைபெற்றுவிட்டது. அதனைக் கற்பிக்கும்போது 'ஊர்வு நீளம்' என்பதையும் உடன் கற்பிப்போம். காப்பானின் படத்தை வரையச் செய்து, மின்னோட்டம் செல்லும் வழியை மாணவர் தம் விரலாலேயே தொட்டுக் காட்டச் செய்வோம். விரல் படத்தின் விளிம்பை ஒட்டிச் சென்றால் சொல் தன் பணியைச் செய்தது எனக் கொள்ளலாம். நடுவே ஊடுருவிச் சென்றால் மீண்டும் விளக்குவது நம் கடமை.