படகில் கிடைத்த ஓய்வு



சில வாரங்களுக்கு முன் ஓசூரில் ஒரு வீடு மந்திரிக்கப் போயிருந்தேன். கணவருக்குப் பெங்களூரு கம்பெனி ஒன்றில் வேலை. மனைவி சொன்னார்: “முன்பெல்லாம் இவர் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருவார், ஃபாதர். ஆனால் வந்தால் வந்தவர்தான். இப்போது நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். வீட்டுக்கு வருவதே இல்லை.”

செபம் முடிந்து தீர்த்தம் தெளித்த பிறகுதான் அவர் அறையிலிருந்து வெளியே வந்தார். காலையிலிருந்து ஆன்லைன் மீட்டிங். “உட்கார்ந்தே இருக்கிறேன், ஃபாதர். ஆனால் மூட்டை தூக்கினவன் மாதிரி அசந்துபோகிறேன்” என்றார். கண் கலங்கியிருந்தது.

அன்பானவர்களே, இது சோம்பேறித்தனம் அல்ல. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரெமி பெய்லன்சன் 2021-இல் இதற்கு நான்கு காரணங்களைச் சொன்னார். பல முகங்கள் மிக அருகில் நம்மையே பார்ப்பது. நம் முகத்தை நாமே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது. அசையாமல் ஒரே இடத்தில் இருப்பது. நேரில் இயல்பாகப் புரியும் சைகைகளைத் திரையில் முயன்று புரிந்துகொள்வது.

மாற்கு நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில் திருத்தூதர்கள் பணி முடித்துத் திரும்புகிறார்கள். வருவோரும் போவோருமாகக் கூட்டம், உண்ணக்கூட நேரமில்லை. ஆண்டவர் அவர்களைத் தனிமையான இடத்துக்குச் சற்று ஓய்வெடுக்க அழைக்கிறார். படகில் போகிறார்கள். ஆனால் மக்கள் கரைவழியே ஓடி, அவர்களுக்கு முன்பே அங்கு சேர்ந்துவிடுகிறார்கள். அப்படியானால் சீடர்களுக்குக் கிடைத்த ஓய்வு எது? அந்தப் படகுப் பயணம் மட்டுமே!

நமக்கும் ஒரு படகு இருந்தது. அத்திப்பள்ளியும் ஜூஜூவாடியும் தாண்டி வந்த அந்தக் கம்பெனி பஸ்தான் அது. நெரிசலை நாம் சபித்தோம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில்தான் மேலாளர் சொன்ன சொல் மறந்து, பிள்ளைகளின் நினைவு வந்தது. இன்று ஒரு மீட்டிங்கிலிருந்து அடுத்ததற்கு ஒரே சொடுக்கில் தாவுகிறோம். நடுவில் படகு இல்லை.

ஆகவே நீங்களே ஒரு படகைச் செய்துகொள்ளுங்கள். இரண்டு மீட்டிங்குக்கு இடையே பத்து நிமிடம் எழுந்து நடங்கள். திரையில் உங்கள் முகத்தை மறைத்துவிடுங்கள். பேச்சு மட்டும் போதுமென்றால் கேமரா வேண்டாம். வேலை முடிந்ததும் மடிக்கணினியை மூடி, சிலுவை அடையாளம் வரைந்து, தெருமுனை வரை போய்வந்து, புதிதாக வீட்டுக்குள் நுழையுங்கள்.

மேலாளர்களாக இருப்பவர்களே, ஷிப்டு முடித்துப் போன சூப்பர்வைசரை இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மீட்டிங்குக்கு அழைக்காதீர்கள். ஓய்வு நீங்கள் போடும் பிச்சை அல்ல. அது தொழிலாளியின் உரிமை. 1891-இலேயே திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தம் சுற்றுமடலில் இதை வலியுறுத்தினார்.

2021 ஜூலை 18 அன்று, அறுவைச் சிகிச்சை முடிந்து மருத்துவமனையிலிருந்து திரும்பிய சில நாள்களில், திருத்தந்தை பிரான்சிஸ் இதே நற்செய்திப் பகுதியை விளக்கினார். கைப்பேசியை அணைத்துவிட்டு, பிறருடைய கண்களைப் பார்க்கப் பழகுமாறு கேட்டுக்கொண்டார். நாள் முழுக்க நம் முகத்தையே பார்த்த கண்களுக்கு, மனைவியின் முகமும் குழந்தையின் முகமும்தானே மருந்து! கரையிறங்கிய இயேசுவும் கூட்டத்தை முகம் முகமாகக் கண்டதால்தான் அவர்கள்மேல் பரிவு கொண்டார்.

இன்றிரவு உங்கள் வீட்டுக்குள் இருக்கும் நீங்கள், உங்கள் வீட்டுக்கு வந்து சேருங்கள். வாசலில் ஆண்டவரும் காத்திருக்கிறார். ஆமென்.